ஈரக் கையால் தொடக்கூடாது

பூ மார்க்கெட்டில் கடை வைத்திருப்பவரின் கை காய்ந்து நான் பார்த்ததில்லை. விடிகிற நேரத்தில் முதல் மூட்டை பிரியும்போது நனைகிற கை, பிச்சியும் மல்லியும் விற்றுத் தீரும்வரை நனைந்தபடியே இருக்கும். பூ வாடாமல் இருக்கத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். விரல் நுனியெல்லாம் சுருக்கம் விழுந்து கிடக்கும். இருபத்தேழு வருடம் நான் பிடித்திருந்த கை அப்படிப்பட்ட கை.

அந்தக் கைதான் ஏஞ்சலின் நிச்சயதார்த்தத்தன்று எங்களைத் திண்டாட வைத்தது.

இன்றுதான் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்காக நாலு வரி. என் கணவர் சாம்சனுக்கு வயிற்றில் கட்டி. திருநெல்வேலியில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ ஏற்றிக்கொண்டிருந்தோம். மகள் ஏஞ்சலுக்குத் திருவேங்கடத்தில் தீப்பெட்டி ஆபீஸ் நடத்துகிற ஞானதுரை வீட்டில் சம்பந்தம் பேசியிருந்தோம். எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வது. மாப்பிள்ளை ஆல்வினுக்குக் கோயம்புத்தூரில் வேலை. கல்யாணம் மே மாதம் என்று பேச்சு.

அவர்களிடம் நாங்கள் ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

"என்ன, ஆளு ரொம்ப மெலிஞ்சிட்டீயளே?" என்று ஞானதுரை ஒருநாள் போனில் படம் பார்த்துவிட்டுக் கேட்டபோது, "சுகரு" என்று இவர் வாயில் வந்துவிட்டது. வந்த சொல்லைத் திரும்ப எடுக்க ஒரு மாதமாக முடியவில்லை.

"தப்புங்க. பொண்ணக் குடுக்கற எடம். சொல்லிருங்க" என்று நான் தினமும் சொன்னேன்.

"சொல்லாம எங்க போவேன்? நிச்சயத்தன்னைக்கு அவியகூட ஒரே பந்தியில உக்காந்து, ஒரு வேளச் சோத்த மனுசனாச் சாப்பிடுதேன். எந்திரிச்சுக் கை கழுவிட்டு நானே சொல்லுதேன். சீக்காளின்னு தெரிஞ்சப்புறம் இலையில உக்காந்தா அவிய என் மூஞ்சியத்தான் பாப்பாவ, சோத்தப் பாக்க மாட்டாவ."

அந்த ஒரு வேளைச் சாப்பாடுதான் அவருக்கு அன்று எல்லாமும்.

சிக்கல் என்னவென்றால், மருந்து ஏற்றின மூன்றாம் நாள்தான் அவருக்கு வாந்தி உச்சத்தில் இருக்கும். நிச்சயம் சனிக்கிழமை. மருந்து ஏற்றியது வியாழக்கிழமை. முந்தின தடவைகளில் வாந்தியை நிறுத்தக் கொடுத்த மாத்திரை தண்ணீரோடு உள்ளே போய் தண்ணீரோடு வெளியே வந்தது. வாயில் கரைகிற மாத்திரை கொடுத்துப் பார்த்தோம். அதன் இனிப்பு மாவு நாக்கில் பட்டதுமே குமட்டியது.

மெடிக்கல் கடை யாகூப் பாய்தான் டாக்டரிடம் போனில் பேசிவிட்டு, திருநெல்வேலியிலிருந்து ஒரு பெட்டி வரவழைத்துக் கொடுத்தார். உள்ளே பத்து உறை. ஒவ்வொரு உறைக்குள்ளும் ஒரே ஒரு தாள். தபால் தலை அளவு, வெங்காயச் சருகு போல மெல்லிசு.

"எக்கா, நாக்கு மேல வச்சா பத்து எண்ணறதுக்குள்ள கரைஞ்சிரும். தண்ணி வேண்டாம், முழுங்க வேண்டாம். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால வச்சாப் போதும். ஆனா ஈரக் கையில மட்டும் தொட்டுராதீய. நாக்குல கரையறது விரல்லயே கரைஞ்சிரும்."

நான் முதல் தாளை எடுத்து இவர் நாக்கில் வைத்தபோது, அதைக் கண்ணைச் சாய்த்துப் பார்த்தார்.

"என்னட்டி இது, ஸ்டாம்பு மாதிரி. நாக்குல ஒட்டி என்னைய எந்த ஊருக்கு அனுப்பப் போற?"

"வாய மூடுங்க. கரையட்டும்."

கரைந்தது. அன்று சாயங்காலம் இரண்டு இட்லி உள்ளே போய் உள்ளேயே இருந்தது. நான் அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சம் அழுதுவிட்டு வந்தேன். சந்தோஷத்தில்தான்.

வெள்ளி இரவுவரை ஆறு தாள் ஆயிற்று. மிச்சம் நாலு. சனிக்கிழமைக்குத் தாராளம் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை காலை கண் விழித்துப் பார்த்தால், ஆளைக் காணோம். மேசை மேல் இருந்த பெட்டியையும் காணோம்.

ஏஞ்சல்தான் சொன்னாள். "அப்பா மார்க்கெட்டுக்குப் போயிட்டாவ. தடுத்தேன், கேக்கல. 'எம் மகளுக்குப் பூ வேற எவன் எடுத்துக் குடுப்பான்'னு கேட்டாவ."

"ஜெபசிங் இருக்கான்லா?"

"சித்தப்பாவுக்கு மொட்டுக்கும் மலந்ததுக்கும் வித்தியாசம் தெரியாதாம்."

ஜெபசிங் இவருடைய தம்பி. இருபது வருடமாக அதே கடையில் நிற்கிறவன்.

எட்டு மணி இருக்கும். போன் வந்தது. ஜெபசிங்தான்.

"மைனி, கோவப்படக் கூடாது."

"என்னடா ஆச்சு? உங்க அண்ணனுக்கு என்ன?"

"அண்ணன் நல்லாத்தான் இருக்காவ. பூ வாடைக்கு லேசாக் கொமட்டுச்சு. அந்தத் தாள எடுத்தாவ. அது விரல்ல ஒட்டிக் கூழாப் போச்சு."

"போச்சா!"

"ரெண்டாவத நான் பிரிச்சேன் மைனி. அது என் விரல்ல கூழாப் போச்சு."

"ஏலே, உன் கையும் ஈரம்தானடா?"

"அதான் மூணாவதுக்கு ரெண்டு பேரும் துண்டுல நல்லாத் தொடச்சிட்டுத் தொட்டோம்."

"அப்புறம்?"

"துண்டு ஈரம் மைனி."

எனக்கு நெற்றியில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. "விரல நக்கச் சொன்னியா அவிய கிட்ட? மருந்து அதுலதான இருக்கு!"

"நக்கிட்டாவ. கேந்திப் பூ கசக்குதுங்காவ."

பக்கத்தில் இவர் சிரிக்கிற சத்தம் போனில் கேட்டது. சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். மார்க்கெட்டில் ஒருவன், "அண்ணாச்சி, வீட்டம்மாட்ட மாட்டிக்கிட்டீரா?" என்று கத்துவதும் கேட்டது. நானும் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகுதான் கணக்கு உறைத்தது. நாலில் மூன்று போய்விட்டது. இருப்பது ஒன்று.

யாகூப் பாய்க்குப் போன் போட்டேன். "எக்கா, எங்கிட்ட வேற இல்லியே. திங்கக்கெழமதான் வரும். தென்காசியில கேட்டுப் பாக்கட்டா?" என்றார். கேட்டும் பார்த்தார். அங்கேயும் இல்லை.

பத்து மணிக்கு இவர் வந்து இறங்கினார். இரண்டு கூடை பிச்சி, ஒரு கூடை ரோஜா, முகம் முழுக்கக் குற்றம் செய்த பிள்ளையின் சிரிப்பு. சட்டைப் பையிலிருந்து கடைசி உறையை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இத நீயே வச்சுக்க. எங்கிட்ட இருந்தா உருப்படாது."

"இப்பமாவது தெரிஞ்சுதா?"

"பூவ முகந்து பாரு. ஒண்ணு மலந்திருக்கா? எல்லாம் மொட்டு. சாயங்காலம்தான் விரியும். அது வரைக்கும் பொண்ணு தலையில இருந்து எறங்கக் கூடாது."

ஏஞ்சல் பின்னாலிருந்து வந்து அவர் விரல்களை இழுத்து முகர்ந்து பார்த்தாள். "புதினா வாடை அடிக்குது. அப்பாவோட கை மருந்து சாப்பிட்டிருக்கு" என்றாள். அவர் அவள் தலையில் தண்ணீர் தெளித்தார்.

கடைசி உறையை ஒரு சின்ன டப்பாவில் போட்டு பீரோவில் வைத்துப் பூட்டினேன். பந்தி ஒன்றரை மணிக்கு. ஒரு மணிக்கு நானே என் கையால் வைத்துவிட வேண்டும். பிழைக்கு இடமில்லை.

பதினொன்றரைக்கு மாப்பிள்ளை வீட்டார் மூன்று வண்டியில் வந்து இறங்கினார்கள்.

வாசலில் இவர் பன்னீர்ச் செம்போடு நின்றார். எங்கள் வீட்டு விசேஷங்களில் வரவேற்கிற வேலையை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. அன்றும் கொடுக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் கை நிறையத் தெளித்தார்.

ஞானதுரை உயரமான மனிதர். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத கைக்குட்டை. பன்னீர் பட்டதும் இரண்டடி பின்னால் போய்க் கையைத் துடைத்தார். விரல் விரலாகத் துடைத்தார்.

"தப்பா நெனைக்காதீய சம்பந்தி. முப்பது வருசப் பழக்கம். எங்க ஆபீஸ்ல ஈரம்னா எனக்கு உசுரு போயிரும். மழை பேஞ்சா நான் தூங்க மாட்டேன்."

"எங்களுக்கு மழை பேயலேன்னா தூக்கம் வராது" என்றார் இவர்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கு மனசு லேசானது. அடுத்த நிமிடமே கனத்தது. ஞானதுரையின் மனைவி கனகபாய் என் கையில் தனியாக ஒரு பெட்டியைக் கொடுத்தார்கள்.

"இது அண்ணனுக்கு மட்டும். சர்க்கரை இல்லாத லட்டு. கோவில்பட்டியில சொல்லி வச்சு வாங்கினோம். பாவம், மகள் விசேஷத்துல இனிப்பத் தொடாம எப்படி இருப்பாவ?"

அந்தப் பெட்டியை வாங்கின என் கை கூசியது. பொய் சொன்னது நாங்கள். அதற்காகக் கோவில்பட்டிவரை அலைந்தது அவர்கள்.

குருவானவர் ஜெபம் செய்தார். ஆல்வினும் ஏஞ்சலும் மோதிரம் மாற்றிக்கொண்டார்கள். ஏஞ்சலின் விரலில் மோதிரம் முட்டில் நின்றுவிட, "தள்ளுங்க மாப்பிள்ள, பயப்படாதீய" என்று ஜெபசிங் கத்தினான். சிவகிரியில் ஒரு அடக்க ஆராதனை இருப்பதாகச் சொல்லி குருவானவர் சாப்பிடாமலே கிளம்பினார். சமையல்காரர் மாரிராஜ் பின்கட்டில் பிரியாணி அண்டாவின் மூடியைத் திறந்தார். வாசனை கூடத்துக்கு வந்தது.

நான் இவர் முகத்தைப் பார்த்தேன். மூக்கைச் சுருக்கி, எச்சிலை விழுங்கி, புன்னகையை இறுக்கிப் பிடித்திருந்தார். எனக்கு மட்டும் தெரிகிற முகம் அது.

மணி ஒன்று.

பீரோவைத் திறந்து உறையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். இவரும் ஞானதுரையும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருந்தார்கள். சுற்றிலும் முப்பது பேர். எல்லார் கண் முன்னாலும் அவர் நாக்கில் மருந்து வைப்பது எப்படி? "இங்கன கொஞ்சம் வாங்களேன்" என்றேன். எழுந்திருக்கப் பார்த்தார். எழுந்தால் வாந்தி வந்துவிடும் போல, மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

குனிந்து, என் முந்தானையால் அவர் வலது கையை அழுத்தித் துடைத்தேன். விரலிடுக்கு வரை துடைத்து, உறையை உள்ளங்கையில் வைத்து மூடினேன்.

"வேற எதையும் தொடாதீய" என்று காதில் சொல்லிவிட்டு, அடுக்களை நிலைப்படியில் போய் நின்றுகொண்டேன்.

அவர் உறையின் ஓரத்தைப் பிரிக்க ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு வண்டி. மாப்பிள்ளையின் தாய்மாமா. தாமதமாக வருகிறவர்.

இவர் பழக்க தோஷத்தில், பக்கத்து முக்காலியில் இருந்த பன்னீர்ச் செம்பை எடுத்துவிட்டார். வந்தவருக்குத் தெளித்தார். செம்பைக் கீழே வைத்தார். பிறகுதான் தன் கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

மறுபடி துடைத்துவிட நான் முந்தானையை எடுத்தேன்.

இன்னொரு கையில் உறை பாதி பிரிந்திருந்தது. ஞானதுரை அதைக் கவனித்துவிட்டார்.

"என்ன சம்பந்தி அது? வாய் மணக்கதுக்குள்ளதா? எம் மகன் கோயம்புத்தூர்ல இருந்து கொண்டாருவான், இதே மாதிரி நாக்குல கரையறது. எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒண்ணு தாரும்."

கையை நீட்டினார்.

எங்கள் வீட்டில் விருந்தாளி ஒன்றைக் கேட்டு, இவர் இல்லை என்று சொல்லி நான் பார்த்ததே கிடையாது. அதுவும் சம்பந்தி. அதுவும் நிச்சயத்தன்று. இருப்பது ஒரே தாள். கொடுத்தால் சாப்பாடு போச்சு. ஒரு சீக்கும் இல்லாதவர் வாயில் இந்த மருந்தைப் போடுவதும் தகாது. மறுத்தால் மரியாதை போச்சு.

இவர் ஞானதுரையின் கையையே பார்த்தார்.

"இது வாய் மணக்கதுக்குள்ளது இல்ல அண்ணாச்சி" என்றார். "மருந்து."

"சுகருக்கா? தாள்லயும் வந்துட்டா?"

"எனக்கு சுகர் கெடையாது."

ஞானதுரையின் கை அந்தரத்தில் நின்றது.

"வயித்துல கட்டி. கீமோ ஏத்துதாவ. முந்தாநாத்தான் ஏத்திட்டு வந்தேன். இது வாந்தி நிக்கதுக்கு. இது ஒண்ணுதான் இருக்கு. ஒம்மகூட உக்காந்து சாப்பிடணும்னு வச்சிருந்தேன். சாப்பிட்டுட்டுச் சொல்லணும்னு இருந்தேன். முன்னாலயே சொல்லியிருக்கணும். தப்பு எம்மேல. எம் பொண்டாட்டி மேல இல்ல, எம் மக மேலயும் இல்ல."

பக்கத்தில் இருந்த நாலைந்து பேருக்குத்தான் கேட்டிருக்கும். கனகபாய் கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தார்கள்.

ஞானதுரை நீட்டின கையை மடக்கிக்கொண்டார். கைக்குட்டையை எடுத்தார். அதைப் பார்த்தபோது, எழுந்து போகப் போகிறார் என்றே நினைத்தேன்.

"எத்தன தடவ ஏத்தியிருக்கு?"

"மூணு. இன்னும் மூணு இருக்கு."

"ம்."

கைக்குட்டையால் விரல் விரலாகத் துடைத்தார். பிறகு இவருடைய மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பி, பன்னீர் சொட்டுகிற உள்ளங்கையைப் பார்த்தார்.

"இந்தக் கைய வச்சுக்கிட்டா இதத் தொடப் பாத்தீரு? எங்க ஆபீஸ்ல ஒம்ம மாதிரி ஆள கேட்டுக்கு உள்ள விட மாட்டோம் வே."

வே என்றார், கூட்டாளியைக் கூப்பிடுகிற மாதிரி. அதுவரை அவர் வாயில் அந்தச் சொல் வந்ததில்லை. சம்பந்தி, சம்பந்தி என்றுதான் மரியாதையாக அழைத்துக்கொண்டிருந்தார்.

"இங்கன தாரும்."

உறையை வாங்கினார். தீக்குச்சி அடுக்கிப் பழகின விரல். ஓரத்தை நகத்தால் நெம்பி, ஒரே இழுப்பில் பிரித்தார். தாள் சுருளாமல், கிழியாமல், அவர் இரண்டு விரலுக்கு நடுவில் நிமிர்ந்து நின்றது.

"வாயத் தொறயும்."

இவர் திறந்தார். ஞானதுரை தாளை நாக்கில் வைத்தார்.

"மூடும். பேசாதேயும். எத்தன எண்ணணும்?"

இவர் பத்து விரலையும் விரித்துக் காட்டினார். ஞானதுரை சத்தமாக எண்ண ஆரம்பித்தார். அவருடைய ஆட்களுக்கு என்ன ஏதென்று தெரியவில்லை. சம்பந்திகள் ஒருவருக்கொருவர் கற்கண்டு ஊட்டுகிறார்கள் என்று நினைத்து எல்லாரும் கை தட்டினார்கள். போட்டோகிராபர் பாய்ந்து வந்தார்.

"சார், சார், ஒரு தடவ கூட! கைய வாய்கிட்ட கொண்டு போங்க. ஐயா, நீங்க கொஞ்சம் சிரிங்க."

வாய் திறக்கக் கூடாதே என்று இதழை மூடிக்கொண்டே சிரித்தார் இவர். கண்ணில் தண்ணீர் கட்டி நின்றது. அந்தப் படம் என்னிடம் இருக்கிறது. அவர் படங்களிலேயே நான் அதிகம் எடுத்துப் பார்ப்பது அதைத்தான்.

அரை மணி நேரம் காத்திருந்தோம். ஞானதுரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இன்னும் எட்டு நிமிசம். எவனும் இலை போடாதீய" என்று மாரிராஜை விரட்டினார். ஒன்றே முக்காலுக்குத்தான் முதல் பந்தி. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

நான் அவர் இலைக்கு நேராக நின்றேன். முதல் கவளம் போயிற்று. இரண்டாவது. மூன்றாவதில் கண்ணை மூடினார்.

கண்ணைத் திறந்து, "ஏட்டி, கத்தரிக்கா பச்சடிய இங்கன கொண்டா" என்றார்.

கொண்டு ஓடினேன். எலும்பை எடுத்து உறிஞ்சினார். இரண்டு மாதத்துக்குப் பிறகு அந்தச் சத்தத்தைக் கேட்டேன். ஞானதுரை அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. தன் இலையைத்தான் பார்த்துச் சாப்பிட்டார்.

கடைசியில் இனிப்பு வந்தது. ஜெபசிங் மறக்காமல் சர்க்கரை இல்லாத லட்டை அண்ணன் இலையில் வைத்தான்.

"ஏலே, இத நீ தின்னு. எனக்கு நெய் லட்டு கொண்டா. எனக்குத்தான் சுகர் போயிருச்சே."

"எப்பம் போச்சு?" என்றார் தாமதமாக வந்த தாய்மாமா.

"ஒண்ணே காலுக்கு" என்றார் ஞானதுரை.

பந்தியே சிரித்தது.

எல்லாரும் சிரித்தபோது ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. கனகபாய்.

இலை எடுத்த பிறகு அவர்கள் நேராக அடுக்களைக்குள் வந்தார்கள். வந்து என் முன்னால் நின்றார்கள்.

"சுகர்னு சொன்னியளே மைனி."

"தப்புதான்."

"அவுக ஆம்பிளைங்க. ரெண்டு வார்த்த பேசிக் கட்டிப் பிடிச்சுக்கிடுவாக. நான் லட்டு வாங்க ரெண்டு பஸ் மாறிப் போயிருக்கேன். கடைக்காரன்ட்ட 'எங்க அண்ணனுக்கு சுகரு, பாத்துப் போடு'ன்னு சொல்லியிருக்கேன். எங்கிட்ட ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாம்லா?"

அவர்கள் சொன்னது அத்தனையும் நியாயம். ஏஞ்சல் கதவருகில் நின்றாள்.

"மன்னிச்சுக்கிடுங்க மைனி" என்றேன்.

"அது அப்புறம். ஆஸ்பத்திரி ஃபைல் எங்க இருக்கு? எடுங்க."

எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஊசி தேதிகள் எழுதின அட்டையை விரலால் தடவித் தடவிப் படித்தார்கள்.

"அடுத்தது பத்தொம்பதாம் தேதி வியாழக்கெழம. சரி. ஏத்தி எத்தன நாள் படுத்துது?"

"ஒரு வாரம் ரொம்பப் படுத்தும். ரெண்டாவது வாரம் எந்திரிச்சு நடப்பாவ. மூணாவது வாரம் பழைய ஆளு மாதிரி இருப்பாவ. அதுக்குள்ள அடுத்த ஊசி வந்துரும்."

"அப்போ பத்தொம்பதுக்கு முந்தின வாரம் நல்லா இருப்பாக."

"ஆமா."

அடுக்களைச் சுவரில் மாட்டியிருந்த சர்ச் காலண்டரின் தாளை அடுத்த மாதத்துக்குத் திருப்பினார்கள். ஒரு கட்டத்தில் விரலை வைத்து அழுத்தினார்கள்.

"பதினாறு, திங்கக்கெழம. கல்யாணத்த அன்னைக்கு வச்சிருவோம்."

நான் வாயைப் பிளந்தேன். "மைனி, மே மாசம்னு..."

"மே மாசம் அவுக எந்த நெலமையில இருப்பாகன்னு யாரு கண்டா? மக கையப் பிடிச்சுக் குடுக்கையில பழைய ஆளு மாதிரி நிக்கணும்லா. வெயில்லயும் நிக்கச் சொல்ல முடியாது. எம் மகனக் கேளுங்க."

ஏஞ்சல் கூடத்துக்கு ஓடினாள். ஆல்வினின் பதில் அடுக்களைவரை கேட்டது. "எனக்கு நாளைக்குன்னாலும் சரி!" ஜெபசிங் விசிலடித்தான்.

சத்தம் கேட்டு ஆண்கள் எல்லாரும் அடுக்களைக்கு வந்துவிட்டார்கள். விஷயம் தெரிந்ததும் இவர் சுவரில் கை ஊன்றி நின்றார். கனகபாயைப் பார்த்து இரண்டு கையும் கூப்பினார்.

"கும்பிடெல்லாம் வேண்டாம் அண்ணே. இனிமே பொய் சொல்லாம இருங்க, போதும்."

ஞானதுரைதான் காலண்டரைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தார். பார்த்தவரின் முகம் மாறியது.

"ஏட்டி கனகம், பதினெட்டு சாம்பல் புதன். லெந்து தொடங்குனா நாப்பது நாளு சர்ச்ல கல்யாணம் கெடையாது. இத விட்டா ஈஸ்டர் கழிச்சுத்தான்."

"தெரியும். அதுக்குத்தான பதினாறு சொல்லுதேன்."

"மூணு ஞாயித்துக்கெழம அறிக்கை வாசிக்கணும்லா? ரெண்டு ஊர் சர்ச்லயும்?"

எல்லாரும் காலண்டரைப் பார்த்தோம். ஏஞ்சல் விரல் வைத்து எண்ணினாள். பதினைந்தாம் தேதி ஒன்று. எட்டாம் தேதி ஒன்று. அதற்கு முந்தின ஞாயிறு...

"நாளைக்கு" என்றாள்.

இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், ஆட்சேபம் உண்டா என்று ஆராதனையில் வாசிக்க மூன்று ஞாயிறு வேண்டும். மூன்றே ஞாயிறுதான் இருந்தது. முதலாவது விடிந்தால் வந்துவிடும். நாளை காலை ஆராதனையில் பெயர் வாசிக்க வேண்டுமென்றால், இரண்டு வீட்டுத் தகப்பன்மாரும் கையெழுத்துப் போட்ட விண்ணப்பம் இன்றைக்கே இரண்டு குருமார் கைக்கும் போய்ச் சேர வேண்டும். எங்கள் குருவானவர் சிவகிரியில், கல்லறைத் தோட்டத்தில். அவர் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. திருவேங்கடத்துக் குருவானவர் சனிக்கிழமை ஐந்து மணிக்குச் சைக்கிளில் கிராமத்து ஜெபக்கூட்டத்துக்குக் கிளம்பிவிடுவார் என்றும், போனை வீட்டில் வைத்துவிட்டுத்தான் போவார் என்றும் ஞானதுரை சொன்னார்.

மணி மூன்றே முக்கால்.

"ஜெபசிங், நாங்க ரெண்டு பேரும் ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாரோம், நீ சிவகிரிக்குப் போ. மண்ணு போட்டு முடிஞ்சதும் அவரப் பிடிச்சுரு" என்றார் இவர். "நான் அண்ணாச்சிகூடத் திருவேங்கடம் போறேன். அவிய சர்ச் பாரம் அங்கனதான் கெடைக்கும்."

"நீங்களா? படுத்துத் தூங்குங்க. வழியில வாந்தி வந்தா என்ன செய்வீய? ஒரு தாள் கூட இல்ல" என்றேன்.

"வந்தா எறங்கி எடுத்துட்டு ஏறிக்கிடுதேன். எம் மக கல்யாணத்துக்கு நான் கையெழுத்துப் போடாம வேற எவன் போடுவான்?"

வேட்டியை மடித்துக் கட்டினார். இரண்டு மாதமாக ஒவ்வொரு படியாக இறங்குகிறவர், வாசற்படி மூன்றையும் இரண்டே எட்டில் இறங்கி, சம்பந்தியின் காரில் முன் சீட்டில் ஏறினார். ஞானதுரை வண்டியைத் திருப்பினார். பின் சீட்டில் கனகபாய் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

நான் அடுப்பை அணைத்தேனா, பீரோவைப் பூட்டினேனா, எதுவும் நினைவில்லை. செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன்.

"சீக்கிரம் வாட்டி" என்று அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்தினார். "நாளைக் காலையில பேரு வாசிக்கணும்!"